நாளைக்கும் மலை இருக்குமா?

கணவாய்க்காட்டில் பெருச்சாளிகளுக்குத்தான் மரியாதை அதிகம். யானை இருக்க, கரடி இருக்க, பெருச்சாளிக்கா என்று கேட்காதீர்கள். மண்ணுக்கு அடியில் நிலக்கரி கிடப்பதைக் கண்டுபிடித்து, முதல் கூடையை மேலே கொண்டுவந்தவை அவைதாம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் பொங்கியண்ணன். உடம்பு முழுக்கக் கரி, மீசை மட்டும் வெள்ளை. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

கரி வந்த பிறகு அந்தக் காடு வளர்ந்த வேகம் இருக்கிறதே, சொல்லி மாளாது. ஓடைக்கரையில் ஒரு உலை. உலைமேல் பெரிய கொப்பரை. கரி எரிந்தால் தண்ணீர் கொதிக்கும். ஆவி சீறிக்கொண்டு போய் ஒரு மரச் சக்கரத்தின் பலகைகளில் மோதும். சக்கரம் சுற்றும். அது சுற்றினால் ராகி மாவாகும், தறி ஓடும், மரம் அறுபடும்.

நேற்று வரை கிழங்கு தோண்டித் தின்ற விலங்குகள், வேளா வேளைக்குச் சுடச்சுட ராகிக் களி தின்னப் பழகின. சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்தெல்லாம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறின. முழு ராகியைக் கையில் கொடுத்தால், "இதை எப்படித் திங்கிறது?" என்று கேட்கிற குட்டிகள் அங்கே வளர்ந்துகொண்டிருந்தன.

களியோடு புகையும் வந்தது. முதலில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு அது போகவே இல்லை.

பொங்கியண்ணனுக்கு ஒரே மகள். பெயர் கண்ணாத்தா. பிறந்ததிலிருந்து இருமல். படுத்தால் மூச்சு இழுக்கும். அப்பன் தேன் கொடுத்துப் பார்த்தது, துளசி கொடுத்துப் பார்த்தது, ஒன்றும் கேட்கவில்லை. மகளின் மூச்சை அடைப்பது தான் சுமந்து வருகிற கரிதான் என்று பொங்கியண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கரிக்கூடை உலைக்குப் போனால்தான் கூட்டத்துக்குக் களி வரும். ஒரு நாள் கூடை போகாவிட்டால் இருபது குடும்பம் பட்டினி. அது மகளின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, மறுபடி குழிக்குள் இறங்கிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் நாச்சாத்தாவுக்கு அந்த யோசனை வந்தது. நாச்சாத்தா ஒரு தூக்கணாங்குருவி. தறிக்கூடத்தில் வேலை. கணவாய் வாயில் ஒரு பனையில் அதன் கூடு தொங்கியது. ஆடி மாதம் பிறந்ததும் அந்தப் பக்கம் அடிக்கிற காற்றுக்குக் கூடு பம்பரமாகச் சுற்றும். ஒரு நாள் வீட்டுக்குள் தலை கிறுகிறுத்துப் போய், நாச்சாத்தா நேராகக் காட்டின் தலைவரான கரடியிடம் வந்தது.

"ஏனுங்க தலைவரே, இந்தக் காத்து என் கூட்டையே இந்தச் சுத்து சுத்துது. நம்ம சக்கரத்தைச் சுத்தாதுங்களா?"

"உன் கூடு எத்தனை எடை இருக்கும்?" என்று கரடி கேட்டது.

"ஒரு பிடி புல்லுங்க."

"சக்கரம்?"

"அதுக்குத் தக்கன பெரிசா ஒரு கூடு கட்டிட்டாப் போச்சு!"

கரடிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அது புதிய வேலை என்றால் விடாத தலைவர். ஆகட்டும் என்றது. வேலாத்தா என்ற யானை, மரம் மரமாகத் தூக்கிவந்து கணவாயில் நட்டது. குரங்குகள் மூங்கில் கட்டின. நாச்சாத்தாவும் அதன் சொந்தபந்தங்களும் பனையோலையைப் பின்னி, பாய் பாயாக விரித்து, சுற்றுகிற காற்றாடியாகக் கட்டின. அங்கிருந்து ஒரு நீளக் கயிறு சக்கரம் வரைக்கும் வந்தது.

காற்று வந்தது. அட, அது வந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! முதலில் கணவாய்க்கு அப்பால் ஒரு இரைச்சல். பிறகு பனைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. ஓலைப் பாய்கள் விம்மின. கயிறு விறைத்தது. உலையில் ஒரு பொட்டு நெருப்பு இல்லாமல், கொப்பரையில் ஒரு சொட்டு ஆவி இல்லாமல், அந்தப் பெரிய சக்கரம் அசைந்தது, நகர்ந்தது, சுற்றியது. கண்ணுக்கே தெரியாத ஒன்று தங்களுக்கு மாவு அரைத்துக் கொடுப்பதை விலங்குகள் பார்த்துக்கொண்டே நின்றன.

காற்றை நம்பி உலையை மட்டும் யாரும் இன்னும் அணைக்கவில்லை. செய்தி ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்து ஒரு நாரை விருந்தாளியாக வந்தது. அக்கரைக் காடு எந்தக் காலத்திலோ கரி எரித்து, வேண்டிய மட்டும் கொழுத்து, இப்போது மாளிகையும் தோட்டமுமாக இருக்கிற காடு. நாரைக்கு வாழையிலை போட்டு, களியும் கீரையும் வைத்தார்கள்.

நாரை ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னது: "காற்றாடி அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் புகை எங்கள் பக்கமும் வருகிறதே. அதை எப்போது நிறுத்துவீர்கள்?"

"நீங்க வயிறு நிறையத் தின்னுட்டுக் கை கழுவியாச்சு. நாங்க இப்பத்தான் இலை முன்னால உக்கார்ந்திருக்கிறோம்" என்றது கரடி.

"அதுதான் சொல்கிறேன். உங்களைப் போன்ற காட்டுக்கு இதெல்லாம் முடியாது. பாவம், நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று நாரை பெருமூச்சு விட்டது.

கரடிக்கு அந்தப் பெருமூச்சுதான் தாங்கவில்லை. "முடியாதா? நாளைக்கே உலையை அணைக்கிறேன். குழியையும் மூடுறேன். பாருங்க!" என்று எழுந்து நின்றது.

கூட்டம் திகைத்துப்போனது. ஏனென்றால் கணவாய்க்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியின் இலைக்கு முன்னால் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. சமையல் சரியில்லை என்று சொன்னால்கூட மாற்றக் கூடாது. கரடிக்கும் அது தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் உலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். குழியின் வாயில் வேலாத்தா ஒரு பாறையை உருட்டி வைத்தது. மேளம் கொட்டினார்கள். நாரை சந்தோஷமாகப் பறந்துபோனது. பொங்கியண்ணன் கூட்டம் வெறும் கூடைகளோடு ஒரு ஓரமாக நின்றது. அவற்றின் களிக்கு இனி என்ன வழி என்று ஒரு வாயும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். புகை மெல்ல மெல்ல விலகியது. ஒரு விடியற்காலையில் கண்ணாத்தா வளையை விட்டு வெளியே வந்தது. மேற்கே பார்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"அப்பா, அது என்னப்பா?"

பொங்கியண்ணன் வெளியே வந்து பார்த்தது. வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, நீல நிறத்தில், உச்சியில் வெயில் பட்டு, ஒரு மலை நின்றது. அத்தனை பெரிய மலை. அது எங்கிருந்தும் வரவில்லை. எப்போதும் அங்கேதான் நின்றிருந்தது. புகைக்குள் பிறந்த ஒரு தலைமுறைக் குட்டிகளில் ஒன்றுகூட அதைப் பார்த்ததில்லை.

"மலை, சாமி" என்றது பொங்கியண்ணன். அதுவே அந்த மலையை மறந்துபோயிருந்தது.

காடு முழுக்க அன்று வேலை நின்றது. குட்டிகள் எல்லாம் மேட்டில் ஏறி மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அணில்கள் பேசவில்லை, அணில்கள்! கண்ணாத்தா அன்று முழுதும் ஒரு தடவைகூட இருமவில்லை. சாயங்காலம் தூங்கப் போகும்போது கேட்டது.

"நாளைக்கும் மலை இருக்குமாப்பா?"

"தெரியலை சாமி" என்றது பொங்கியண்ணன். பொய் சொல்ல அதற்கு வரவில்லை. கண்ணாத்தா தினமும் அதையே கேட்டது, பொங்கியண்ணனும் தினமும் அதையே சொன்னது. மகள் நெஞ்சு நிறைய மூச்சு விடுவதைக் கேட்கக் கேட்க அதற்கு ஆனந்தம். ஆனால் விடிந்தால் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு காட்டுக் கிழங்கு தேடிப் போக வேண்டும். தேடியது பாதி வயிற்றுக்குத்தான் வந்தது. வேறு காட்டுக்குப் போய்விடலாமா என்று கூட்டம் பேச ஆரம்பித்தது.

புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் காற்று நின்றது. நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை, ஒரு இலை அசையவில்லை. ஓலைப் பாய்கள் தொங்கிப்போயின. சக்கரம் முனகிக்கொண்டு நின்றது.

வரும், வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அரைத்து வைத்த மாவு தீர்ந்தது. ராகி குதிர் குதிராக இருந்தது, அதை முழுசாகத் தின்னத்தான் குட்டிகளுக்குத் தெரியவில்லை. மான் குட்டிகள் பசியில் கத்தின. பழைய பல்லுள்ள பெரியவை மென்று குட்டிகளுக்கு ஊட்டின. அது எத்தனை குட்டிக்குப் போதும்?

கூட்டம் திரண்டு பொங்கியண்ணன் வளைக்கு வந்தது. கரடி மட்டும் கொஞ்சம் பின்னால் நின்றது.

"அண்ணா, குழியைத் திறங்க. கரி வேணும்" என்றன எல்லாம்.

பொங்கியண்ணனுக்கு வந்தது பார் கோபம். "குழியை மூடின அன்னிக்கு மேளம் கொட்டினீங்களே, எங்க வயித்தை ஒருத்தராவது நெனைச்சீங்களா? இப்ப உங்க வயிறு காஞ்சதும் பொங்கியண்ணன் ஞாபகத்துக்கு வந்துட்டானா?"

கரடி முன்னால் வந்தது.

"தப்பு என்னுது பொங்கியண்ணா. வீம்புக்குச் சொல்லிட்டேன். இலை முன்னால சொன்ன சொல்லு, அதை மாத்தவும் வழி தெரியலை."

யானை வேலாத்தாவுக்கு அதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. "சொன்னது நீங்க. பசியில கெடக்கறது குட்டிங்க. இலை காஞ்சு எருவாகிக்கூடப் போச்சு, இன்னும் என்ன இலை?" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, வெயில் தாங்காமல் குளிக்கப் போனது. சக்கரத்துக்குப் பின்னால் நிற்கிற குன்றின்மேல் ஒரு சுனை உண்டு. அங்கே தும்பிக்கை நிறைய உறிஞ்சிக்கொண்டு இறங்கிவந்தது. வரும் வழியில் சும்மா நிற்கிற சக்கரத்தைப் பார்த்ததும் அதற்கு ஆத்திரம் பொங்கியது. "எல்லாம் உன்னாலதான், மொண்டிச் சக்கரம்!" என்று தும்பிக்கைத் தண்ணீர் அத்தனையையும் அதன் பலகைகள்மேல் பீய்ச்சியது.

சக்கரம் கால் சுற்று சுற்றியது. கீழே திரிகைக்குள்ளிருந்து ஒரு பிடி மாவு கொட்டியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த எல்லோரும் மாவைப் பார்த்தார்கள். பிறகு சக்கரத்தை. பிறகு வேலாத்தாவை. வேலாத்தா தன் தும்பிக்கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"காத்து இல்லாமச் சுத்துச்சே" என்று நாச்சாத்தா முணுமுணுத்தது.

"ஒரு தும்பிக்கைக்குக் கால் சுத்து. ஊருக்கு அரைக்க மலை அளவு தும்பிக்கை வேணுமே. அது எங்க இருக்குது?" என்றது கரடி.

பொங்கியண்ணன் குன்றின் உச்சியை அண்ணாந்து பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"மேல ஒரு பெரிய குழி இருந்து, அதுல தண்ணி நின்னு, மேலிருந்து விழுந்தா?"

"குழியா? பாறையும் மண்ணுமா இருக்கிற குன்றில யாரு தோண்டறது?"

"ஏனுங்க தலைவரே, தோண்டறதுக்கு எங்களை விட்டா இந்தக் காட்டில வேற யாரு இருக்கறாங்க?"

"சரி, தோண்டினாலும் தண்ணி?"

"ஆடிக்காத்து வேணுங்கறதுக்கு மேலயே சுத்துச்சே. பாதி ராத்திரியில சும்மாவே சுத்திக் கெடந்துச்சு" என்று நாச்சாத்தா படபடவென்று சொன்னது. "அந்தச் சுத்தை வெச்சு, கயித்தில கலயம் கட்டி, ஓடைத் தண்ணியை மேல ஏத்திடலாம். காத்து நிக்கற மாசத்தில இறக்கிக்கலாம்."

எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஆடி வர இன்னும் பத்து மாதம் இருக்கிறதே. குட்டிகளுக்கு இன்று பசிக்கிறதே.

பொங்கியண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தது. கண்ணாத்தா மேட்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழியைத் திறந்தால் பழைய மரியாதை வரும், பழைய களி வரும், பழைய இருமலும் வரும். திறக்காவிட்டால் மான் குட்டிகள் சாகும். அப்பனாக இருப்பது சில சமயம் அத்தனை கஷ்டம்.

"குழியைத் திறக்கறேன்" என்றது கடைசியில். "ஆனா ரெண்டு பேச்சு. மாவுக்கு எத்தனை வேணுமோ அத்தனை கரிதான் எரியணும். தறியும் அறுவையும் காத்து வர்ற வரைக்கும் சும்மா கெடக்கட்டும். எங்க கூட்டத்தில பாதி குழியில, பாதி குன்றில. குன்றில தோண்டறவனுக்கும் அதே களி. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கிட்டோம்" என்றது கரடி. பக்கத்தில் இலை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லை அது கடைசி வரைக்கும் மாற்றவில்லை.

உலை எரிந்தது. மூடிக் கிடந்த குழியில் ஈரம் ஏறிய கரி, புகை முன்னைவிடக் கறுப்பு. மலை முதலில் மங்கியது, பிறகு மறைந்தது. கண்ணாத்தா இருமத் தொடங்கியது. ஒவ்வொரு இருமலுக்கும் பொங்கியண்ணன் குன்றில் இன்னும் ஒரு கை மண் அள்ளியது. நகம் தேய்ந்தது, மூக்கு உரிந்தது, நிற்கவில்லை. கரடியே கூடை சுமந்தது. மான்கள் கொம்பால் கல்லைப் பெயர்த்தன.

ஐப்பசி மழைக்கு முன்னால் குளம் தயாரானது. முதல் மழை கொட்டியது, குளம் நிறைந்தது. எல்லோரும் ஆடினார்கள். விடிந்து பார்த்தால் குளத்தில் தண்ணீர் இல்லை. மண் அத்தனையையும் குடித்துவிட்டிருந்தது!

பொங்கியண்ணன் காலி குளத்துக்குள் இறங்கி, நடுவில் உட்கார்ந்து அழுதது. வெட்கப்படாமல் அழுதது. அப்போது கரையில் நின்ற எருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவை பேசுவதே அபூர்வம்.

"நாங்க படுக்கற குட்டையில தண்ணி வத்தறதே இல்லீங்க" என்றது ஒரு எருமை.

"ஏன்?"

"தெரியலீங்க. மிதிச்சுப் பொரண்டுக்கிட்டே கெடப்போம்."

களிமண் கொண்டுவந்து கொட்டினார்கள். எருமைகள் இறங்கின. தாங்கள் வாழ்நாள் முழுதும் சுகத்துக்காகச் செய்ததை இப்போது ஊருக்காகச் செய்தன. மிதித்தன, புரண்டன, மறுபடி மிதித்தன. அடுத்த மழைக்குக் குளம் நிறைந்தது. மறுநாளும் நிறைந்தே இருந்தது. அதில் வானம் தெரிந்தது.

அந்தத் தண்ணீர் மார்கழி வரைக்கும் பாதி மாவுக்குச் சக்கரத்தைச் சுற்றியது. மீதிக்கும், அதற்கப்புறம் ஆடி வரைக்கும், கரி. ஆடியில் காற்று திரும்பி வந்தது. கலயங்கள் வரிசை வரிசையாகக் குன்றில் ஏறின. காற்று மாவும் அரைத்தது, தண்ணீரும் சுமந்தது. உலையை இந்த முறை யாரும் அணைக்கவில்லை. மேளம் கொட்டவில்லை. கரி போட வேண்டிய தேவை குறைந்து குறைந்து, ஒரு நாள் அது தானாகவே ஆறிக் கிடந்தது.

புகை போனது. மலை வந்தது.

ஆனால் புரட்டாசியில் காற்று நிற்குமே என்று எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கண்ணாத்தா மறுபடி தினம் கேட்க ஆரம்பித்தது, நாளைக்கும் மலை இருக்குமா என்று. பொங்கியண்ணன் மறுபடி தெரியலை சாமி என்றது.

புரட்டாசி வந்தது. நாரையும் வந்தது, வேடிக்கை பார்க்க. மத்தியானம் காற்று நின்றது. பாய்கள் தொங்கின. சக்கரம் முனகி நின்றது. காடு முழுக்கக் குன்றையே பார்த்தது. உலைக்குப் பக்கத்தில் அவசரத்துக்கு என்று ஒரு குவியல் கரி உலர்த்தி வைத்திருந்தார்கள். சில கண்கள் அதையும் பார்த்தன.

குன்றின்மேல் பொங்கியண்ணன் மதகுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தூக்கியது.

முதலில் ஒரு வெள்ளிக் கயிறு மாதிரி இறங்கியது தண்ணீர். பிறகு ஆறு மாதிரி. குன்று முழுக்க அதிர்ந்தது. சக்கரத்தின் முதல் பலகையில் மோதியதும் சாரல் கிளம்பி எல்லோரையும் நனைத்தது. சக்கரம் சுற்றியது! திரிகை ஓடியது. தறி ஓடியது. அறுவை வாள் பாடியது. போன ஆடியில் வீசி முடித்துப்போன காற்று, தண்ணீராக வந்து இப்போது வேலை செய்துகொண்டிருந்தது. நாரை நனைந்த சிறகோடு அசையாமல் நின்றது.

"உங்க காட்டுக்கும் ஒரு குளம் தோண்டித் தரட்டுங்களா?" என்று பொங்கியண்ணன் மேலேயிருந்து கேட்டது. அதற்குள் கிண்டலும் வந்துவிட்டது.

ஓணான் ஒன்று பாறைமேல் படுத்தபடி, "இத்தனை வெயிலு இங்க சும்மா கெடக்குது, அதை ஒருத்தரும் கேட்க மாட்டேங்கறீங்க" என்றது. கரடி சட்டென்று திரும்பி அதைப் பார்த்தது. அது வேறு கதை.

அன்று சாயங்காலம் வளை வாசலில் கண்ணாத்தா படுத்திருந்தது. மூச்சு சீராக வந்தது. மேற்கே மலை மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் மலை இருக்குமாப்பா?"

பொங்கியண்ணன் தேய்ந்த நகத்தால் மகளின் தலையைக் கோதியது.

"இருக்கும் சாமி" என்றது.

வேகமாக வளர்கிற காடும் புகையை விட்டு வெளியே வர முடியும். ஆனால் வீம்புக்கு உலையை அணைப்பவனால் அல்ல, புகையை நம்பிப் பிழைத்தவனையும் கூட அழைத்துக்கொண்டு அடுத்த வழியை முன்கூட்டியே தோண்டி வைப்பவனால்தான் முடியும்.